தவிட்டையும் புண்ணாக்கையும் எங்களுக்கே கொடுங்கள்: ஒரு பண்ணை விளையாட்டுக் குழுவினருக்குத் திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். விளையாட்டின் பெயரைப் போட்டு எழுதவில்லை. பொங்கல் அப்டேட் என்று கோலம் போட்டு அறிவித்துவிட்டு, அதற்குள்ளேயே மாட்டுத் தீவனத்தில் கைவைத்தது யார் என்று உங்களுக்கும் தெரியும், ஆடுகிற எங்களுக்கும் தெரியும். அதனால் முன்கதை வேண்டாம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ரைஸ்மில்லில் அரைக்கும் நெல்லின் தவிட்டையும், எங்கள் செக்கில் ஆட்டும் கடலையின் புண்ணாக்கையும் எங்களுக்கே கொடுங்கள். அதை வைத்து எங்கள் மாட்டுக்கு நாங்களே தீவனம் கலந்துகொள்கிறோம். கேட்பது இவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நெல் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். இத்தனை காலம் கோதுமையும் சோளமும் போட்டு அலுத்துப்போயிருந்தோம். ரைஸ்மில் கட்டி முடித்ததும் அந்தச் சின்னப் புகைபோக்கியில் புகை வருவதும், செக்கு சுற்றும்போது கிரீச் என்று ஒரு சத்தம் கேட்பதும் ரசித்துச் செய்த வேலை. வரைந்தவருக்கும் சத்தம் சேர்த்தவருக்கும் என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். கோபம் அவர்கள் மேல் இல்லை.

இந்த மாதிரி விளையாட்டுகளில் விதைப்பதும் அறுப்பதும் பாதி ஆட்டம்தான். அறுத்ததை என்னவாக மாற்றுவது என்ற கணக்கில்தான் மீதிப் பாதி இருக்கிறது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து உருவாக்கி 2016ல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டை நீங்களும் ஆடியிருப்பீர்கள். அதில் பழத்தைப் பீப்பாயில் போட்டால் ஒயினாகி மூன்று மடங்கு விலை போகும். ஜாம் ஜாடியில் போட்டால் இரண்டு மடங்கும் மேலே ஒரு 50ம் வரும். 50 விலையுள்ள ப்ளூபெர்ரிக்கு இரண்டிலும் 150தான், ஆனால் ஜாடி பாதிக்கும் குறைந்த நாளில் முடித்துவிடும். 750 விலையுள்ள ஸ்டார்ஃப்ரூட்டுக்கோ ஜாடியில் 1550, பீப்பாயில் 2250. எதை எதில் போடுவது, எத்தனை பீப்பாய் செய்வது, வீட்டுக்குக் கீழே நிலவறை கட்டி அந்த ஒயினை இன்னும் ஊறவைப்பதா என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். அங்கே ஆடுபவரின் மூளைக்கு வேலை இருக்கிறது. உங்கள் பொங்கல் அப்டேட்டிலோ வேலை முழுக்க ஆடுபவரின் பர்ஸுக்கு.

என்ன நடந்தது? முன்பு ஒரு மூட்டைத் தீவனத்துக்கு இரண்டு கோதுமையும் ஒரு சோளமும் போதும். நிலத்தில் விளைந்தது மாட்டுக்குப் போகும், மாடு பால் தரும், பால் வெண்ணெயாகும், வெண்ணெய் ஆர்டருக்குப் போகும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சங்கிலி. இப்போது அதே மூட்டைக்கு ஒரு பொட்டலம் ‘சத்துப் பொடி’யும் வேண்டுமாம். அந்தப் பொடி நிலத்தில் விளையாது, எந்த மில்லிலும் அரைபடாது. விளம்பரம் பார்த்துத் திறக்கும் மர்மப் பெட்டியில் எப்போதாவது கிடைக்கும். இல்லாவிட்டால் ஆட்டத்துக்குள் இருக்கும் வைரம் கொடுத்து வாங்க வேண்டும். அந்த வைரம் எங்கள் நிஜப் பர்ஸில் இருந்துதான் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பண்ணையில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். இடம் பற்றாததால் செக்கையும் தொழுவத்தையும் ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். நாலு மூட்டை கடலையைப் போடுகிறேன். செக்கு ஒரு மணி நேரம் சுற்றுகிறது. கடைசியில் டிங் என்று ஒரே ஒரு எண்ணெய் பாட்டில் எகிறி வந்து விழுகிறது. அவ்வளவுதான். செக்குக் குழியில் ஒரு துளி மிச்சம் இல்லை, துடைத்து வைத்தது போல இருக்கிறது. ஒரு கட்டம் தள்ளித் தொழுவத்தில் மாடு நிற்கிறது. தலைக்கு மேலே காலித் தொட்டி படம் போட்ட குமிழி. தொட்டால் தலையை ஆட்டி ‘ம்மா’ என்கிறது. திரும்பத் தொட்டால் சத்துப் பொடி கடை திறக்கிறது. கடலை ஆட்டிய செக்குக்குப் பக்கத்திலேயே நிற்கும் மாடு தீவனமில்லாமல் பட்டினி கிடப்பது உலகத்தில் வேறு எங்காவது நடக்குமா? கடலைப் பருப்பை ஆட்டினால் எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் எண்ணெய் வரும். மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. அதை ஊறவைத்து மாட்டுக்கு வைப்பது கிராமத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நெல்லின் கதை இதைவிட மோசம். மூன்று மூட்டை நெல் போட்டால் ஒரு பாக்கெட் அரிசி தருகிறீர்கள். அரசு கொள்முதல் நெல்லை அரைக்கும் மில்கள் 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது கணக்கு. மிச்சத்தில் ஏறக்குறைய 20 கிலோ உமி, பிறகு தவிடு. இதில் எதுவும் வீண்போவதில்லை. நெல் அவிக்கிற கொதிகலனுக்கு அந்த உமிதான் எரிபொருள். தவிட்டில் எண்ணெய் எடுக்கிறார்கள், எடுத்த பிறகும் அது மாட்டுக்குப் போகிறது. உங்கள் மில்லோ தவிட்டையும் உமியையும் காணாமல் போக்கிவிட்டு, ஒவ்வொரு அரவைக்கும் விறகு வேறு கேட்கிறது. ‘நீ அவல் கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்னலாம்’ என்று ஏமாற்றுக்காரனைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. அவன்கூட உமியாவது கொண்டு வந்தான்.

என் மாமனார் வெகுகாலம் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதியவர். நான் ஆடுவதை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, தவிட்டை யாரு எடுத்துக்குறா?” என்று கேட்டார். யாரும் இல்லை, அது வராது என்றேன். “தவிட்டை மில்லுக்காரன் எடுத்துக்கிட்டா அரவைக் கூலி வாங்க மாட்டான். இவன் கூலியும் வாங்கிட்டுத் தவிட்டையும் வச்சுக்குறானா?” என்றார். ஒவ்வொரு அரவைக்கும் ஆட்டத்து நாணயத்தைப் பிடித்துக்கொள்கிறீர்களே, அதைத்தான் சொன்னார். எனக்கு பதில் வரவில்லை. உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உதவி மையத்துக்கு எழுதினேன். ‘இது வெறும் விளையாட்டு, நிஜத்தோடு ஒப்பிட வேண்டாம்’ என்று பதில் வந்தது. சரி, விளையாட்டோடே ஒப்பிடுவோம். ஃபார்மிங் சிமுலேட்டர் என்ற விளையாட்டு வரிசையில் கோதுமையை அறுத்தால் தானியம் தனி, வைக்கோல் தனி. அந்த வைக்கோலைக் கட்டிக்கொண்டு வந்து மாட்டுக்குப் படுக்கை போடலாம், தீவனக் கலவையிலும் சேர்க்கலாம். பயோகேஸ் நிலையத்துக்கு புளிக்கவைத்த பசுந்தீவனத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் காசும் வரும், மிஞ்சுகிற கழிவுக் குழம்பு வயலுக்கு உரமாகவும் போகும். 2024 நவம்பரில் வந்த ‘ஃபார்மிங் சிமுலேட்டர் 25’ல் வயலில் தண்ணீர் கட்டி நெல்லே போடுகிறார்கள். ஸ்டார்டியூவில் கோதுமை அறுக்கும்போது சில சமயம் கூடவே வைக்கோலும் விழும். அதிலும் எண்ணெய் இயந்திரம் புண்ணாக்கு தருவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே புல்லை வெட்டினால் சைலோ என்ற தீவனக் கிடங்கில் தீவனமாகச் சேர்கிறது, போதாததற்கு ஆட்டத்துக்குள் சம்பாதித்த காசிலேயே அந்த ஊரில் மார்னி என்பவரின் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மாட்டின் வயிற்றைக் காட்டி யாரும் கார்டு நம்பர் கேட்பதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கரும்பு ஆலைக்கும் விறகு கேட்கிறீர்கள். கரும்பு ஆலை தன் சக்கையை எரித்துத்தான் ஓடும், மிஞ்சினால் மின்சாரம்கூட எடுத்து விற்பார்கள். களஞ்சியத்தைப் பெரிதாக்கத் தேவையான ஆணி, பலகை, கீல் மூன்றில் எது நம்மிடம் இல்லையோ அது மட்டும் எந்தப் பெட்டியிலும் வராது. அது என்ன மாயமோ. முப்பது வினாடி விளம்பரத்தை மூடுகிற பெருக்கல் குறியை எறும்புக் கண் அளவுக்கு வைத்த மகான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசும் சலுகை என்று அறிவிப்பு அனுப்பினீர்கள். கொம்பு பளபளவென்று இருந்தது, மாடு பட்டினியாக இருந்தது. ஆட்டத்தில் நாங்கள் சேர்ந்து வைத்திருக்கும் அக்கம்பக்கக் குழுவில் ஒரு அக்கா அந்தப் படத்தை எடுத்துப் போட்டு ‘ஹேப்பி பொங்கல்’ என்று மட்டும் எழுதினார். அதற்குக் கீழே குவிந்த சிரிப்புப் பொம்மைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும், மரியாதையாகவே கேட்கிறேன்.

இதைச் செய்வது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை என்று நினைக்கிறேன். ஏற்கெனவே உள்ள மில், செக்கு இரண்டிலும் ஒரு வெளியீட்டுப் பெட்டி கூடுதலாக வேண்டும். மூன்று நெல்லுக்கு ஒரு அரிசியோடு ஒரு தவிடு. நாலு கடலைக்கு ஒரு எண்ணெயோடு இரண்டு புண்ணாக்கு. தீவன ஆலையில் சத்துப் பொடி கேட்கும் இடத்தில் ‘அல்லது தவிடு, புண்ணாக்கு’ என்று ஒரு வழியைத் திறந்துவிடுங்கள். களஞ்சியம் நிரம்பிவிடும் என்று சொல்வீர்கள். அப்படியென்றால் களஞ்சியத்துக்கே வர வேண்டாம், மில்லில் இருந்து நேரே தீவன ஆலைக்குப் போகட்டும். அவசரக்காரர்களுக்கு உங்கள் பொடி கடையில் இருக்கட்டும், அதைத் தூக்கச் சொல்லவில்லை. நேரம் இருப்பவன் அரைத்துக்கொள்வான், இல்லாதவன் வாங்கிக்கொள்வான்.

இலவசமாகத் தரும் விளையாட்டு, சம்பளம் கொடுக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பதும் நியாயம். கோலம் விற்றீர்கள், வாங்கினோம். திண்ணை விற்றீர்கள், அதையும் வாங்கினேன், இரண்டு வர்ணத்தில். வைக்கோல்போர் விற்றாலும் வாங்குவோம். அழகுக்கு விலை வையுங்கள், யாரும் முறையிடப் போவதில்லை. நாங்கள் விதைத்து, தண்ணீர் விட்டு, அறுத்து, கூலியும் கொடுத்து அரைத்த நெல்லில் இருந்து வருகிற தவிட்டை மட்டும் மறைத்துவைத்துவிட்டு, அதற்குப் பதிலாக இன்னொன்றை எங்களுக்கே விற்காதீர்கள்.

அடுத்த அப்டேட்டில் தவிடும் புண்ணாக்கும் வருமா, வராதா? இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். வராது என்றால் மாடுகளை விற்றுவிட்டுக் கோழி மட்டும் வைத்துக்கொள்வதாகக் குழுவில் பலரும் பேசிக்கொண்டிருக்கிறோம். கோழித் தீவனத்தில் இதுவரை நீங்கள் கைவைக்கவில்லை. இதை எழுதியதன் மூலம் அந்த யோசனையை உங்களுக்கு நானே எடுத்துக் கொடுத்துவிடவில்லை என்று நம்புகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தொழுவமும் செக்கும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கும் ஒரு பண்ணைக்காரன்