மெலிந்தால் சூடு ஓடிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பகுதியில், 'வெப்பக் கடத்துத்திறன் ஒரு பொருளுக்கு என்றும் மாறாத எண். எனவே சிப்பின் அடுக்குகள் மெலிய மெலியச் சூடும் சுலபமாக வெளியேறும்' என்று படித்தேன். அப்படியானால் மெல்லிய படலங்களை அளப்பதையே பிழைப்பாகக் கொண்ட எங்களைப் போன்றவர்கள் மூட்டை கட்டிவிடலாம்.

தாங்கள் அறியாததல்ல. சிலிக்கனில் வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவை எலக்ட்ரான்கள் அல்ல, போனான்கள். அதாவது படிக அணுக்களின் அதிர்வலைகள். கட்டியான சிலிக்கனில் அவற்றில் பல, ஒரு மைக்ரானுக்கு, அதாவது ஆயிரம் நானோமீட்டருக்கு, மேலும் சிதறாமல் போகும். சில பத்து நானோமீட்டர் படலத்தில் அதற்கு இடம் ஏது? பரப்புகளில் முட்டிச் சிதறுகின்றன. கட்டிச் சிலிக்கனில் அறை வெப்பநிலையில் மீட்டர்-கெல்வினுக்கு 148 வாட் அளவில் இருக்கும் கடத்துத்திறன், 22 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் கம்பியில் 10-க்கும் கீழே போய்விடுவதை 2003-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பரப்பு மோதலின் கணக்கு இன்னும் பழையது. 1938-இல் இயற்பியலாளர் காசிமிர் போட்டது. இதுபோக, அடுக்கும் அடுக்கும் சேரும் எல்லையே வெப்பத்துக்குத் தனித் தடை.

நானும் படலத்தின் மேல் அலுமினியம் பூசி, லேசர் துடிப்பால் சூடேற்றி, ஒளிப் பிரதிபலிப்பு மாறுவதை வைத்து அளக்கிறவன்தான். இத்தனை வருடத்தில் ஒரு மெல்லிய படலம்கூட கட்டிச் சிலிக்கனின் மதிப்பைத் தந்ததில்லை. உங்கள் கட்டுரையாளருக்கு எந்தக் கருவி கிடைத்ததோ!

வேடிக்கை என்னவென்றால், இதே பகுதியில்தான் முன்பு, வீணாகும் வெப்பத்தை மின்சாரமாக்க சிலிக்கன் நானோ கம்பி வந்துவிட்டது என்று முழுப் பக்கம் கொண்டாடினீர்கள். அந்தக் கம்பிகளின் பெருமையே வெப்பத்தை மோசமாகக் கடத்துவதுதானே? 2008-இல் வெளிவந்த ஆய்வில், பரப்பைச் சொரசொரப்பாக்கியே கடத்துத்திறனை நூறில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். அன்று கடத்தாதது இன்று உங்கள் பக்கத்தில் மட்டும் கடத்துகிறது. அந்தக் கொண்டாட்டக் கட்டுரையின் வரைபடத்தில் அச்சுகளுக்கு அலகே இல்லை. அப்போதும் எழுதினேன்; வெளியிட்டீர்கள், நன்றி. வந்தது நான் பாராட்டியிருந்த முதல் வரி மட்டும்.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். எண் போட்டால் அலகையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்