தீபாவளிக்கு ஆடு கொழுக்க வைப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, சோளம் போட்டால் கறி எவ்வளவு கூடும்?" என்று ஆடு வளர்ப்பவர்கள் கேட்பார்கள், "உங்கள் ஆடு புல் தின்றதா, தீவனம் தின்றதா?" என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். இங்கே மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபால் பக்கம் இருபது வருடமாகச் செம்மறி வளர்க்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

தானியம் போட்டால் கறி கூடும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எவ்வளவு, எதனால் என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். புல்லை மட்டுமே மேய்ந்த 40 கிலோ குட்டியை அறுத்து, தோல், தலை, கால், குடல் எல்லாம் எடுத்துவிட்டுத் தொங்கவிட்டு நிறுத்தால் 17, 18 கிலோ வரும். சில வாரம் சோளமும் சோயாப் புண்ணாக்கும் தின்ற அதே 40 கிலோ குட்டியில் 19 வரும், நல்ல குட்டியாக இருந்தால் 20கூட வரும். இந்த இரண்டு கிலோவும் சதை என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான், நாரும் மெதுவாகத்தான் செரிக்கும், அதனால் புல் தின்கிற ஆட்டுக்கு வயிறு பெரிதாக, எப்போதும் நிறைந்தே இருக்கும். உயிரோடு நிறுக்கும்போது அந்தப் புல்லையும் தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம். தானியம் சீக்கிரம் செரிப்பதால் வயிற்றில் அவ்வளவு சுமை நிற்காது. வித்தியாசத்தில் ஒரு பகுதி இது, இன்னொரு பகுதி கொழுப்பு.

இந்தக் கொழுப்பு விஷயம் முக்கியம். குட்டி இளசாக இருக்கும்போது தின்பது பெரும்பாலும் சதையாகக் கட்டும், முதிர முதிர அதே தீவனம் முதுகிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் கொழுப்பாகப் போய்ப் படியும். பொட்டைக்குட்டியும் காயடித்த குட்டியும் இன்னும் சீக்கிரமாகவே கொழுத்துவிடும். கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் குழம்பு ருசிக்கும், சரி, ஆனால் அளவுக்கு மேல் போனால் வீட்டில் வெட்டித்தானே எறிகிறோம். நம் நாட்டில் தீவனச் சோளம் கிட்டத்தட்ட முழுவதும் கப்பலில்தான் வருகிறது, காசு கொடுத்து வாங்கி அதைக் கொழுப்பாக மாற்றிக் குப்பையில் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆரம்பத்தில் நானும் தவறு செய்தவன்தான். ஒரு வருடம் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, புல்லைத் தவிர வேறெதுவும் அறியாத கிடாக்களுக்கு ஒரே நாளில் அரைத்த சோளத்தைத் தொட்டி நிறையக் கொட்டினேன். ஆசையாகத் தின்றன. மறுநாள் காலையில் இரண்டு கிடாக்கள் வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, புளித்த வாடையோடு கழிந்துகொண்டு படுத்துக் கிடந்தன. ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மாவுச்சத்து திடீரென்று போனால் வயிற்றில் அமிலம் ஏறிவிடும், புல்லுக்குப் பழகிய வயிறு அதைத் தாங்காது. இப்போதெல்லாம் ஒரு குட்டிக்கு நாளைக்கு 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றுகிறேன், காய்ந்த புல்லை ஒரு நாளும் நிறுத்துவதில்லை. சோளத்தை அரைப்பதும் இல்லை, செம்மறி நன்றாக மெல்லும், முழுத் தானியமே அதற்குப் பாதுகாப்பு.

அப்புறம் செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு. மலிவு, எங்கும் கிடைக்கும், மாட்டுக்கு அருமையான தீவனம். ஆனால் அதில் தாமிரம் அதிகம், செம்மறிக்குத் தாமிரம் ஆகவே ஆகாது. மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய் ஆடு செத்துவிடும். பக்கத்து வீட்டு மாடு தின்கிறதே என்று அதையே முழுத் தீவனமாகச் செம்மறிக்குப் போடாதீர்கள். எவ்வளவு கலக்கலாம் என்பதைக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

வாங்குபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாம் தின்னும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருவது. ஆஸ்திரேலியாவில் அறுப்புக்கூடத்துக்கு நேராக விற்கிற குட்டிக்கு, அறுத்துத் தொங்கவிட்ட எடையைப் பார்த்து, விலா மேல் சதையும் கொழுப்பும் சேர்ந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து காசு கொடுக்கிறார்கள். இங்கே நாம் இன்னும் உயிர் எடைக்குத்தான் பேரம் பேசுகிறோம். முதல் நாள் இரவு உப்பு நக்கவிட்டு வயிறு முட்டத் தண்ணீர் காட்டிய கிடாவை நானே ஒரு முறை காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து மறுநாள் நிறுத்தால் மூன்று கிலோ குறைவு. அதனால் முதல் நாள் மாலையே தீவனத்தை நிறுத்திவிட்டுக் காலையில் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். முடிந்தால் அறுத்த எடைக்கே விலை பேசுங்கள். கிலோவுக்கு விலை கூடுதலாகத் தெரியும், ஆனால் புல்லுக்கும் தண்ணீருக்கும் காசு கொடுக்க மாட்டீர்கள். ஒழுங்காகத் தீவனம் போட்டு வளர்ப்பவனுக்கும் அப்போதுதான் உழைப்புக்கு ஏற்ற காசு கிடைக்கும். இந்தத் தீபாவளியிலிருந்து என் ஆடுகளை அப்படித்தான் விற்கப்போகிறேன், பினாங்கில் ஆடு வளர்க்கும் மற்றவர்களும் இதைப் பற்றி உங்கள் பகுதியில் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் வாசகர்,
நிபோங் திபால், பினாங்கு