கூப்பிட்டால் போய்க் கூட்டு

ராசா,

அடுத்த மாதம் உனக்கு முப்பது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் கூட்டாளிகள் துடைப்பத்தோடு வந்து கூப்பிட்டால் மறுக்காமல் போய் அந்தப் பெரிய தேவாலயத்தின் படிக்கட்டைக் கூட்டு.

நான் ஜெர்மனியில் உன் ஊரான பிரேமனுக்கு வந்திருந்தபோது பார்த்தேனே, மறக்குமா? கோமாளி மாதிரி உடுத்திக்கொண்டு ஒரு பையன் சோடா மூடிகளைக் கூட்டிக் கூட்டித் தள்ளுகிறான், அவன் தள்ளத் தள்ள நண்பர்கள் சிரித்துக்கொண்டே இன்னும் கொட்டுகிறார்கள், பக்கத்தில் ஒருவர் கையால் சுற்றும் பாட்டுப்பெட்டி வாசிக்கிறார். முப்பது வயதாகியும் கல்யாணமாகாத ஆண்பிள்ளைக்கு அந்த ஊர் கொடுக்கும் தண்டனையாம், ஒரு பெண் வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை. பெண்பிள்ளைகள் என்றால் கதவுக் கைப்பிடியைத் துலக்க வேண்டும். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, வயசுப் பிள்ளையை நடுத்தெருவில் வைத்து இப்படியா என்று. அப்புறம் யோசித்தால் அதுவே மேல் என்று படுகிறது. அங்கே ஒரே நாள் கேலி பண்ணிச் சிரித்து விட்டுவிடுகிறார்கள். இங்கே ஒவ்வொரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் "பையனுக்கு இன்னும் அமையலையா" என்று என்னிடம் கேட்கிறார்களே, அதற்கு எந்தப் பெண் வந்து முத்தம் கொடுத்து என்னை விடுவிப்பாள்?

அந்த ஊரில் எல்லாமே கொஞ்சம் கோணல்தான், அதனால்தான் எனக்குப் பிடித்தது. நகர மன்றத்துப் பக்கத்தில் கழுதை மேல் நாய், நாய் மேல் பூனை, பூனை மேல் சேவல் என்று 1953இல் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். பிரேமனில் வாத்தியம் வாசித்துப் பிழைக்கலாம் என்று இந்த நாலும் கிளம்புவதாக அவர்களுடைய பழங்கதை ஒன்று. கதையில் அந்த நாலும் பிரேமனுக்கு வந்து சேரவே இல்லை, ஆனாலும் ஊர் அவற்றைத் தன் பிள்ளைகளாகவே வைத்துக்கொண்டது. கழுதையின் முன்னங்கால்களை இரண்டு கையாலும் பிடித்து வேண்டிக்கொள்ள வேண்டும், ஒரு கையால் பிடித்தால் இரண்டு கழுதைகள் கைகுலுக்குகின்றன என்பார்களாமே. அப்பா ஒரு கையால் பிடித்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் தரையில் சிலுவைக் குறி போட்ட ஒரு கல். பெற்றவர்கள், பிள்ளைகள், புருஷன்மார் என்று பதினைந்து பேரை விஷம் வைத்துக் கொன்ற ஒருத்தியின் தலையை 1831இல் வெட்டியதன் அடையாளமாம். இன்றைக்கும் ஆட்கள் அதில் துப்பிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை, சுற்றிக்கொண்டுதான் நடந்தேன்.

ஜனவரி 6ஆம் தேதி நீ அனுப்பிய வீடியோவை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் வேசர் ஆறு உறைந்திருக்கிறதா, ஓடுகிறதா என்று பந்தயம் கட்டி, அதைச் சோதிக்க 99 பவுண்டு எடையுள்ள ஒரு தையல்காரர் கையில் இஸ்திரிப் பெட்டியோடு கால் நனையாமல் அக்கரைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். ஆற்றை ஆழப்படுத்திய பிறகு அது எங்கே உறைகிறது, அவர் படகில்தான் போகிறார். 1829இலிருந்து நடக்கும் கூத்து.

அந்த ஆறு ஒரு காலத்தில் மணல் மூடி அவர்களைக் கைவிடப் பார்த்தது உனக்குத் தெரியும்தானே? தூத்துக்குடிக்காரிக்கு அது உடனே புரியும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் விலகிப் போய் நம்ம கொற்கை இப்போது உள்ளே கிடக்கும் ஒரு கிராமம். பிரேமன்காரர்கள் அப்படி விடவில்லை, 1827இல் ஆறு கடலில் சேரும் இடத்தில் நிலம் வாங்கி பிரேமர்ஹாஃபன் என்று புதுத் துறைமுகமே கட்டிக்கொண்டார்கள். பிழைக்கத் தெரிந்த ஊர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் குளிராக இருந்தால் கோமாளி உடுப்புக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள். யார் வந்து முத்தம் கொடுத்தாள் என்று நான் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். வீடியோவை எனக்கு மட்டும் அனுப்பு, குடும்ப குரூப்பில் மட்டும் போட்டுவிடாதே. உன் அத்தை பார்த்தால் மறுநாளே நாலு ஜாதகத்தோடு வாசலில் வந்து நிற்பாள்.

அம்மா