கவரின் மேல் இன்னும் ஒரு வரி: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 74 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, பிரஷர். டாக்டரிடம் போவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்களிடம் வருவது மாதா மாதம். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

போன ஆடியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். புடவை நனைகிற அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். கருவியில் பார்த்தால் சர்க்கரை 48-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து கூட்டி வந்தோம். அப்புறம் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். சர்க்கரையைக் குறைக்கிற கிளிமெபிரைடு மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயர்களில் கிடந்தது. பழைய அட்டையில் மிச்சம் இருந்ததும், நான் புதிதாக வாங்கி வந்ததும் வேறு வேறு மருந்து என்று நினைத்து, இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார்.

கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள், "கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணுதான்" என்று. சொன்னது என்னிடம், சாப்பிட்டது அம்மா. வேலை அவசரத்தில் அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

மருந்தின் பெயரெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. ரோஸ் மாத்திரை, நீள மாத்திரை, பாதியாக உடைக்கிற மாத்திரை, அவ்வளவுதான். கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறிவிடுகிறது, பெயரோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பார்?

நீங்கள் மாத்திரைக் கவரின் மேல் 1-0-1 (காலை ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று) என்று எழுதும்போது, தயவுசெய்து தமிழில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: "சர்க்கரைக்கு. பழைய மாத்திரைக்குப் பதில் இது." மாலை நேரக் கூட்டத்தில் இது சிரமம் என்று தெரியும். எல்லாருக்கும் வேண்டாம், வயதானவர்களுக்கும் கம்பெனி மாறும்போதும் மட்டுமாவது எழுதுங்கள்.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடுகிற மெத்தோட்ரெக்ஸேட்டுக்குக் கிழமையையே எழுதுங்கள். தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்து. இதில் 1-0-0 என்று எழுதுவதைப் போல பயங்கரம் வேறில்லை.

அட்டையை வெட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். பல அட்டைகளில் காலாவதித் தேதி ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. நாலு மாத்திரை வெட்டித் தரும்போது அது உங்களிடமே நின்றுவிடுகிறது. அந்தத் தேதியையும் கவரில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. காலி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு "இதே மாத்திரை குடுப்பா" என்று ஒரு பாட்டி வந்து நின்றால், "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு அடுத்த தடவ எடுத்துட்டு வாங்கம்மா" என்று சொல்லுங்கள். கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் மருந்தாளுநர் பத்து நிமிடம் அதைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதும், டாக்டர் நிறுத்தச் சொன்னது இன்னும் கிடப்பதும் உங்கள் கண்ணுக்குச் சட்டென்று தெரியும். எங்களுக்கு அந்தக் கண் இல்லை.

அன்புடன்,
உங்கள் கடைகளுக்கு மாதா மாதம் வரும் ஒரு மகள்