அதே பையில் இன்னும் ஒரு மாத்திரை அட்டை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும் துறையின் உயர் அலுவலர்களுக்கும் வணக்கம்.

மாவட்ட மனநலத் திட்டம் எப்படி நடக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்ற வாரம் ஓர் அரசு மருத்துவமனையில், "மாத்திரை வரவில்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று என் சித்தியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதால்தான் இதை எழுதுகிறேன்.

சித்திக்கு ரத்த அழுத்தமும் உண்டு, மனச்சோர்வும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் மாதந்தோறும் வீட்டுக்கே கொண்டுவந்து, "ஒரு நாளும் விடக்கூடாதும்மா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்கு மனமார்ந்த நன்றி. மனச்சோர்வு மாத்திரைக்கோ, வாரத்தில் ஒரு நாள் மட்டும் மனநல மருத்துவர் வரும் மருத்துவமனைக்கு, நூறு நாள் வேலைக் கூலியை இழந்து, பேருந்து மாறிப் போக வேண்டும். கிடைப்பது இரண்டு வாரத்துக்கான செர்ட்ராலின். அதுவும் இருப்பு இருந்தால். அந்த மருந்து பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும், தேறிய பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரும் என்பதெல்லாம் தங்கள் மருத்துவர்களே எங்களுக்குச் சொன்னவை. மாத்திரை நின்றபின் சித்தி அடுப்படிப் பக்கமே வருவதில்லை. மந்திரிக்க அழைத்துப் போகலாம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவில் குணமாகும் என்று நம்பி மனநோயாளிகளை அழைத்துவரும் ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் கருகியபோது, மக்கள் ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது ஏன் என்று இப்போது நாங்கள் கேட்கலாமா? உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்தால் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறோம், மனம்விட்டுப் பேசச் சொல்கிறோம். சித்தி பேசிவிட்டார், ஐயா. மருத்துவர் கேட்டு, எழுதியும் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டில் உள்ளதுதான் கிடைக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை சமுதாய சுகாதார நிலையம் முதல் மேல்நிலை மருத்துவமனை வரை எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. "எந்நேரமும்" என்பதற்குள் எங்கள் ஊர்ப் புதன்கிழமை மட்டும்தான் அடங்குமோ என்னவோ.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கேட்பது பெரிதன்று. மனநல மருத்துவர் ஒருமுறை பார்த்து மருந்தை முடிவுசெய்த பிறகு, அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒரு மாதத்துக்கு முழுதாகக் கொடுக்க ஆணையிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை வரும் அதே பையில் மனச்சோர்வு மாத்திரையும் வரட்டும். அடுத்த மருந்துக் கொள்முதலுக்கு முன்பாகவே இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாத்திரைச் சீட்டோடு காத்திருக்கும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவன்