சுற்றுச்சூழல் மன்றம் உன் தலையில் விழுந்ததற்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. மகளுக்கு வேலை கிடைத்ததைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் ஒளித்து வைத்திருக்கிறாயே, அதை அல்லவா முதலில் எழுத வேண்டும்! அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது, வேறொன்றும் புதிதாக இல்லை. பெரியவன் வீடு மாறப்போகிறான். சாமான் கட்டிக் கொடுக்கப் போனேன். மூன்று பேர் வாழும் வீட்டில் இத்தனை வேண்டாத பொருள் எப்படிச் சேர்ந்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். யாரும் எடுத்துக்கொள்ளாததால் சுற்றுச்சூழல் மன்றத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். முதல் வேலையாக ‘கழிவிலிருந்து கலை’ போட்டி வைக்கச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவு போட்டுவிட்டாராம். முடிந்தால் அதைத் தடுத்துவிடு. எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் போட்டியை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் பெற்றோர் கடைக்கு ஓடிப் புது ஸ்ட்ரா, புது காகிதக் கப், புது ஐஸ் குச்சி என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வருவார்கள். பாட்டிலில் இருக்கும் தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் பூச்சாடி செய்வார்கள். அதற்குப் பசை, பெயின்ட், ஜிகினா. பரிசு கொடுத்து போட்டோ எடுத்து முடித்த மறுநாள் எல்லாம் தொட்டிக்குப் போகும். சும்மா இருந்திருந்தால் அந்த பாட்டிலையாவது உருக்கி வேறு ஏதாவது செய்திருக்கலாம். பசையும் ஜிகினாவும் ஏறிய பிறகு அதை எந்த ஆலையும் தொடாது. ‘அதிக பாட்டில் கொண்டுவரும் வகுப்புக்குப் பரிசு’ என்பது இதைவிட மோசம். யாரிடம் குப்பை அதிகமோ அவரே கெட்டிக்காரர் என்று பிள்ளைகளுக்கு நாமே பாடம் எடுப்பது மாதிரி.

இதில் பிள்ளைகள் மேல் தவறில்லை. பாடப்புத்தகத்தில் ‘குறை, மறுபடி பயன்படுத்து, மறுசுழற்சி செய்’ என்று வரிசையாகத்தான் போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டையும் தாண்டி நாம்தான் நேராக மூன்றாவதற்குப் போய்விடுகிறோம். அதற்குத்தான் வண்ணத் தொட்டி இருக்கிறது, சார்ட் இருக்கிறது, அம்புக்குறி முக்கோணம் இருக்கிறது. குறைப்பதை எப்படிப் படமாக வரைவது? வாங்காத பொருளை யார் போட்டோ எடுப்பார்கள்?

அந்த முக்கோணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல், ரசிப்பார்கள். 1970-இல் முதல் பூமி தினத்தை ஒட்டி அமெரிக்காவில் ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்கு கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் வரைந்து அனுப்பியது அது. போட்டியில் உருப்படியாக ஏதாவது வந்தது என்றால் இது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்! பிறகு 1988-இல் பிளாஸ்டிக் தொழில்துறையினர் அதே மாதிரி முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட ஆரம்பித்தார்கள். அந்த எண் என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகுமா ஆகாதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அம்பு சுற்றுவதைப் பார்ப்பவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? இந்தக் குழப்பத்தால்தான் 2013-இல் அந்தத் தர விதியையே மாற்றி, அம்புக்குப் பதில் வெறும் முக்கோணம் போடச் சொன்னார்கள். பழைய அம்பு இன்னும் பல பொருள்களில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி அடியில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல். 1, 2, 5 என்றால் எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கும். 3, 6, 7-ஐ அநேகமாக யாரும் சீந்த மாட்டார்கள். ஊருக்கு ஊர் இது மாறும் என்பதால், உங்கள் பள்ளியில் குப்பை எடுப்பவரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி பலகையில் எழுதிப்போடு.

நான் எங்கே ஆரம்பிப்பேன் என்று கேட்டிருந்தாய். குப்பைத் தொட்டியைக் கொட்டித்தான் ஆரம்பிப்பேன். ஒருநாள் வகுப்புத் தொட்டியைக் காலி செய்யாமல் வைத்திருந்து, மறுநாள் நிழலில் ஒரு பழைய படுதாவை விரித்து அதன்மேல் கவிழ்த்துவிடு. கையுறையும் இடுக்கியும் கட்டாயம். உடைந்த கண்ணாடி, பேட்டரி இருந்தால் நீயே எடுத்துவிடு. கவிழ்ப்பதற்கு முன்னால், எது அதிகம் இருக்கும் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல். எல்லோரும் பிளாஸ்டிக் என்று எழுதுவார்கள். கூறு போட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தால் எடையில் முன்னால் நிற்பது மிச்ச சாப்பாடும் காகிதமும்தான். பிளாஸ்டிக் உறைகள் இடத்தை அடைக்கும், முள்ளை அசைக்காது. எடையா, அடைக்கும் இடமா, எதை வைத்து ‘அதிகம்’ என்று சொல்வது என்று அங்கேயே ஒரு சண்டை கிளம்பும். கிளம்பட்டும், அதுதான் கணக்குப் பாடம்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். காகிதக் கூறைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி அடுக்கினாள். பாதிக்கு மேல் ஒரு வரி, இரண்டு வரி எழுதிய முழுத் தாள்கள். “இதெல்லாம் குப்பையே இல்லையே டீச்சர், ஏன் கிழிச்சாங்க?” என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு பையன், அடித்தல் திருத்தல் இருந்தால் நோட்டுக்கு மார்க் குறைப்பார்கள், அதனால் தப்பு வந்தால் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதுவோம் என்று சொன்னான். பள்ளி முழுக்க இருந்த வழக்கம் அது. சுத்தமாக எழுதப் பழக்குகிறோம் என்று வைத்திருந்த விதி ஒவ்வொரு நாளும் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது! ஆசிரியர் கூட்டத்தில் பேசி, தப்பை ஒரே கோடாக அடித்துவிட்டுத் தொடரலாம், மார்க் குறையாது என்று மாற்றினோம். அடுத்த முறை தொட்டியைக் கவிழ்த்தபோது காகிதக் கூறு பாதிகூட இல்லை. அதற்கு வண்ணத் தொட்டி எதுவும் தேவைப்படவில்லை, ஒரு விதியை மாற்றியதே போதுமானதாக இருந்தது. நான் ‘குறை’ என்று சொல்வது இதைத்தான். குப்பை எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே நடந்து போகும்போதுதான் குறைக்கும் வழி கண்ணில் படும். உன் பள்ளியில் அது காகிதமாக இருக்காது, வேறு ஏதாவதாக இருக்கும். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், நீ முந்திக்கொள்ளாதே.

சோதனை ஏதாவது வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன், செலவே இல்லை. ஒரு தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் நகம் அளவுக்கு நறுக்கி (நறுக்குவதை நீ செய்) வாளித் தண்ணீரில் போடச் சொல். ஒரு சொட்டு சோப்பு நீரும் விடு, இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். பாட்டில் துண்டுகள் மூழ்கும், மூடித் துண்டுகள் மிதக்கும். பாட்டில் பெட் என்ற வகை, தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு அடர்த்தி. மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், தண்ணீரைவிட லேசு. ஒரே பொருள் என்று நினைத்தது இரண்டாகப் பிரிவதைப் பார்த்ததும் வகுப்பு சத்தம் போடும். மறுசுழற்சி ஆலைகளிலும் இப்படித்தான் தொட்டியில் போட்டுப் பிரிக்கிறார்கள். சில லேபிள்கள் பாட்டிலோடு சேர்ந்தே மூழ்கித் தொலைக்கும், அதுதான் ஆலைக்காரர்களுக்குத் தலைவலி. இதைச் செய்து பார்த்த பிள்ளை, தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்டால் என்ன ஆகும், உள்ளே அலுமினியமும் காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருக்கும் ஜூஸ் பெட்டியை எப்படிப் பிரிப்பார்கள் என்றெல்லாம் தானாகவே கேட்கும்.

பெரிய வகுப்பாக இருந்தால் ஓர் உண்மையையும் சொல்லிவிடு. 2015 வரை உலகத்தில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 630 கோடி டன், அதில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 12 சதவீதம் எரிந்தது. மிச்சம் 79 சதவீதம் குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. நூறு கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டச் சொன்னால் பேச்சே தேவையில்லை. ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு மணி அடித்து அனுப்பிவிடாதே, ‘அப்புறம் எதுக்குப் பிரிச்சுப் போடணும்’ என்று விட்டுவிடுவார்கள். கையோடு அலுமினியத்தையும் சொல். பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் மின்சாரத்திலும் எரிபொருளிலும் 95 சதவீதம்வரை மிச்சம். கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். காகிதம் அப்படி இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும், ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு தாங்காது. பொருளுக்குப் பொருள் நியாயம் வேறு என்பது புரிந்தால் போதும்.

மக்கும் குப்பைக்கு ஒரு மூலை கிடைத்தால் உரத்தொட்டி வை. காய்ந்த இலையும் ஈரக் குப்பையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று போகவில்லை என்று அர்த்தம். காய்ந்த இலையைப் போட்டுக் கிளறிவிட்டால் அடங்கிவிடும். பள்ளியில் வைக்கும் சின்னத் தொட்டி பெரிய குவியல் போலச் சூடேறாது, மாதக்கணக்காகும், அவசரப்படாதே. அதே சாப்பாடு குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 2022-இல் மட்டும் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு நம் மாதிரி வீடுகளில்தான். ஆனாலும் உரத்தொட்டி இருக்கிறது என்று தட்டில் மிச்சம் வைக்கப் பழகிவிடுவார்கள், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, தொட்டி வாங்கும் முன் குப்பை அதற்கப்புறம் எங்கே போகிறது என்று விசாரி. பிள்ளைகள் பிரித்துப் போட்டதை ஒருவர் ஒரே வண்டியில் சேர்த்துக் கொட்டுவதை அவர்கள் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தால் போதும், உன் மன்றம் அன்றோடு முடிந்தது. இன்னொன்று, தாமதமாக வந்தவனைக் குப்பை பொறுக்கச் சொல்லும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் முதலில் அதை நிறுத்து. வாரத்தில் நாலு நாள் அது தண்டனையாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் மன்றத்தில் மட்டும் பெருமைக்குரிய சேவையாக மாறுமா? அதைவிட, தூய்மைப் பணியாளர் ஒருவரை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல். கண்ணாடித் துண்டைக் காகிதத்தில் சுற்றாமல் போட்டால் யார் கையைக் கிழிக்கும் என்று அவர் சொல்லும்போது கேட்பது மாதிரி நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

தலைமையாசிரியர் போட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், குப்பை எடை குறைந்த வகுப்புக்குப் பரிசு என்று மட்டும் அறிவித்துவிடாதே. எல்லாம் பக்கத்து வகுப்புத் தொட்டிக்குப் போய்விடும். நாம் படித்த காலமாக இருந்தால் நீயும் நானும்தான் முதலில் கொண்டுபோய்க் கொட்டியிருப்போம். பழுது பார்க்கும் போட்டி வை. அறுந்த பை வார், கழன்ற பித்தான், பிரிந்த புத்தகக் கட்டு இவற்றைச் சரிசெய்து அடுத்த மாதம்வரை பயன்படுத்திக் காட்ட வேண்டும். பரிசாகப் பிளாஸ்டிக் கேடயம் கொடுத்துவிடாதே, தாயே!

எந்த வகுப்புப் பிள்ளைகள் என்று நீ எழுதவில்லை. ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் சதவீதக் கட்டத்தை விட்டுவிட்டு வாளிச் சோதனையோடு நிறுத்திக்கொள். என்னிடம் ஒரு கொக்கித் தராசு சும்மாதான் இருக்கிறது, ஐந்து கிலோவரை காட்டும். வேண்டுமென்றால் எழுது, அனுப்பி வைக்கிறேன். படுதா மட்டும் நீதான் தேட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி