தொப்பூர் ஏற்றத்தில் லாரியை நிறுத்திய அண்ணனுக்கு

போன சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் என் 1996 மாருதி 800 இழுவையை விட்டது. மிதித்தால் பெடல் சும்மா உள்ளே போகிறது. ஆக்சிலேட்டர் கேபிளைப் பெடலோடு மாட்டி வைக்கும் நுனிக் குண்டு தெறித்திருந்தது. இழை பிரிவதை ஒரு மாதமாகப் பார்த்தும் மாற்றாமல் விட்டவன் நான்தான்.

கூப்பிடாமலே லாரியை ஓரங்கட்டினீர்கள். முதலில் என் டயருக்குக் கல் வைத்துவிட்டு, அப்புறம்தான் "என்ன தம்பி?" என்றீர்கள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு ஒயர் கனெக்டரை உடைத்து, உள்ளிருந்த பித்தளைத் துண்டைக் கேபிள் நுனியில் செருகி, அதன் குட்டி ஸ்குருவை இறுக்கினீர்கள். அதுதான் புதுக் குண்டு! நீளம் கொஞ்சம் குறைந்ததை கார்புரேட்டர் பக்க நட்டைத் தளர்த்திச் சரிக்கட்டினீர்கள். மூன்று சிலிண்டரும் உறுமியதும், "பழசுன்னாலும் நல்ல வண்டி, வித்துடாதே" என்றீர்கள். பணம் நீட்டியதற்கு ஒரு முறைப்பு. மேடு ஏறி முடியும்வரை இண்டிகேட்டர் போட்டபடி பின்னாலேயே வந்தீர்கள்.

புது கேபிள் மாற்றியாச்சு அண்ணே. அந்தப் பித்தளைத் துண்டு டேஷ்போர்டில் இருக்கிறது. பேர் கேட்க மறந்துவிட்டேன். வெங்காய லோடு ஏற்றி வந்தீர்கள், அவ்வளவுதான் தெரியும். ரொம்ப நன்றி.